வாய் திறந்த மெக்

அந்த ஆண்டு அக்டோபரில் ஒரே காலைப்பொழுதில் மெக் நாற்பது முயல் பிடித்தாள். நாற்பதும் உயிரோடு, ஒரு பல்கூடப் பதியாமல், வில்ஃபின் கைக்கே வந்து சேர்ந்தன. மதியம் ஆறாம் தெருவில் முயல் வேகாத அடுப்பே இல்லை. அந்த வாசனைக்கு மயங்கி ஐந்தாம் தெருப் பூனைகளெல்லாம் குடும்பத்தோடு குடிபெயர்ந்து வந்துவிட்டன. சரி, நாற்பது என்பது சற்றே கூடுதல்தான். பதினொன்று. வந்த பூனையும் ஒன்றுதான், அதுவும் எங்கள் தெருப் பூனை. ஆனால் அந்த அக்டோபரில் பதினொன்று என்றால் பதினொரு வீட்டுக்கு இறைச்சி. அதில் மிகை எதுவும் இல்லை.

சுரங்கத்தில் வேலைநிறுத்தம் தொடங்கி அது எட்டாவது மாதம். இங்கிலாந்தில் டர்ஹாம் பக்கத்து நிலக்கரிக் கிராமங்களில் சம்பளம் என்றால் என்ன என்பதையே சின்னப் பிள்ளைகள் மறந்துவிட்டிருந்தார்கள். வில்ஃப் ஹெஸ்லப்புக்கு அப்போது நாற்பத்தாறு வயது. பதினைந்தில் சுரங்கத்துக்குள் இறங்கியவர். முப்பத்தொரு வருடத்தில் ஒரு சங்கக் கூட்டத்திலும் எழுந்து பேசியதில்லை. அவர் பெயர் தெரியாமலேயே அவரோடு சுரங்கத்துக்கு ஒரே கூண்டில் இறங்கி ஏறியவர்கள் உண்டு. அப்படிப்பட்ட மனிதரை அந்த வருடம் மெக் பெரிய ஆளாக்கிவிட்டாள். அவர் தெருவில் தலை காட்டினால் போதும், கதவுகள் திறக்கும்.

"வில்ஃப், இன்னிக்குப் போறியா?"

"மழ விட்டா."

"மழ விடலன்னாலும் போ. எம் புள்ளைங்களுக்கு உருளைக்கிழங்கப் பாத்தாலே அழுகை வருது."

மெக்கின் தாய் விப்பெட் என்ற ஒல்லி ஓட்டநாய், தகப்பன் மலைப்பக்கம் ஆடு ஓட்டிய கோலி. இந்தக் கலப்பினத்தை எங்கள் பக்கம் லர்ச்சர் என்போம். விப்பெட் காலைக் கொடுத்தது, கோலி மூளையைக் கொடுத்தது. இரண்டும் ஒரே நாய்க்குள் சண்டையில்லாமல் குடியிருப்பது அபூர்வம். முயல் வளைக்கு முன்னால் அவள் ஒரு முன்னங்காலைத் தூக்கி நின்றால் உள்ளே முயல் இருக்கிறது. முகத்தைத் திருப்பிக்கொண்டு போனால் வளை காலி. வில்ஃப் வளையின் வாய்களில் வலை விரிப்பார், கீரி மாதிரி இருக்கும் ஃபெரட்டை உள்ளே விடுவார். வலைக்குத் தப்பி வெளியே பாய்கிற முயல் மெக்கின் பங்கு. வயலில் பாதி தூரம்கூடப் போகாது. அவள் கவ்வித் தூக்கி வந்து, முட்டையை வைப்பது போல அவர் கையில் வைப்பாள்.

முயல்களைப் பங்கு பிரிக்க ஒரு முறை இருந்தது. முதலில் கைக்குழந்தை உள்ள வீடு, அப்புறம் பிள்ளைகள் அதிகமுள்ள வீடு, அப்புறம் கிழடுகள். கடைசியாக மிஞ்சுகிற தலையும் விலாவும் வில்ஃபின் மனைவி எனிட்டின் சட்டிக்கு. "ஊருக்கெல்லாம் தொடை, எனக்கு மட்டும் எலும்பா?" என்று எனிட் வாரம் ஒரு முறை கேட்பாள். கேட்டுக்கொண்டே இன்னொரு வீட்டுக்குத் தொடையைக் கட்டிக் கொடுப்பாள்.

இதெல்லாம் நடந்தது ஒரு எஸ்டேட் நிலத்தில். அங்கே காவல்காரன் உண்டு, பிடிபட்டால் வழக்கு உண்டு. அதனால்தான் லர்ச்சர் வைத்திருப்பவர்களுக்கு ஒரே ஒரு சட்டம்: நாய் துரத்தும்போது சத்தம் போடக் கூடாது. முனகக் கூடாது, கீச்சிடக் கூடாது, மூச்சு வாங்கினாலும் மரியாதையாக வாங்க வேண்டும். ஓட்டத்தில் குரல் கொடுத்த நாயை 'வாய் திறந்துட்டா' என்று சொல்வார்கள், ஒரு குடும்பத்து மானம் போன விஷயத்தைச் சொல்வது போலத் தணிந்த குரலில். ஒரு முறை வாய் திறந்த நாய் திரும்ப மூடாது என்பது அவர்கள் நம்பிக்கை. சத்தம் போடும் நாயோடு ஓடவிட்டால் நல்ல நாயும் அதைப் பழகிக்கொள்ளும், பழகிய பிறகு அந்த நாயை யாரும் விலைக்கு வாங்க மாட்டார்கள், இனாமாகவும் வாங்க மாட்டார்கள்.

பக்கத்து வீட்டு சிரில் டிங்க்ளரின் டஃபி அப்படி ஒரு நாய். அசல் விப்பெட், அழகன், வாய் மட்டும் சந்தைக்கடை. இலை விழுந்தால் குரைப்பான், விழாவிட்டால் ஏன் விழவில்லை என்று குரைப்பான். சிரிலும் வில்ஃபும் சுரங்கத்துக்குள் இருபது வருடம் தோளோடு தோள் நின்று வெட்டியவர்கள். ஆனாலும் டஃபியை வேட்டைக்குக் கூட்டிப்போக வில்ஃப் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. அந்த டிசம்பரில் ஒப்புக்கொண்டார். சிரிலுக்கு மூன்று பெண்பிள்ளைகள், மூன்றும் இருமிக்கொண்டிருந்தன. பெரிய வயலில் இரண்டு நாய் ஓடினால் இரண்டு முயல் கூடுதலாகக் கிடைக்கும்.

மூன்று நாள் டஃபி வந்தான், மூன்று நாளும் கத்தினான். அதிர்ஷ்டம், காவல்காரன் வரவில்லை. நான்காம் நாள் வில்ஃப், "போதும் சிரில், உன் பாட்டுக்காரன வீட்டுல கட்டிப்போடு, நீ மட்டும் வா" என்றார். அன்றைக்குத்தான் அது நடந்தது.

மெக் ஒரு முயலை மேட்டுச் சுவர் வரை விரட்டினாள். முயல் சட்டென்று இடப்பக்கம் திரும்பியது. அவளும் திரும்பினாள். திரும்பிய அந்த நொடியில் கூர்மையாக ஒரு குரல். முயல் போய்விட்டது.

வில்ஃப் அசையாமல் நின்றார். சிரில் வானத்தைப் பார்த்தார்.

"காத்து" என்றார் சிரில்.

"காத்து இல்ல."

வேட்டை முடிந்து வீட்டுக்கு வந்ததும் மெக்கின் நான்கு பாதங்களையும் விரல் விரலாகப் பிரித்து, வெந்நீரில் துடைத்துப் பார்ப்பது வில்ஃபின் வழக்கம். எட்டு வருடமாக ஒரு நாளும் விட்டதில்லை. அன்றைக்கு விட்டார். அவளைக் கொட்டிலில் தள்ளிக் கதவைச் சாத்தினார். ஊரில் பெயர் கெட்ட மகளைப் பார்க்கக் கூசும் தகப்பன் மாதிரி, மறுநாளும் பார்க்கவில்லை, அதற்கு மறுநாளும் பார்க்கவில்லை.

இரண்டாம் முறையும் அவள் கத்தினாள். மூன்றாம் முறை கத்தியபோது காவல்காரன் தடியோடு வேலி தாண்டி வந்துவிட்டான். நாற்பத்தாறு வயது வில்ஃபும் நாற்பத்தெட்டு வயது சிரிலும் ஓடிய ஓட்டத்தில் இரண்டு முயல்களை முந்தியிருப்பார்கள். உயிர் தப்பியது. வலைகள் போயின, ஃபெரட் போயிற்று.

அடுத்த நாள் சங்கக் கூடத்தில் சூப்புக்கு வரிசையில் நிற்கும்போது வில்ஃப் முதல் முறையாகப் பலர் முன்னால் வாய் திறந்தார்.

"உன் நாயாலதான் என் நாய் கெட்டுப்போச்சு."

"ஏண்டா, டஃபி என்ன பள்ளிக்கூடமா நடத்துறான்? மூணு நாள்ல பாடம் எடுத்து, பரிச்சை வெச்சு, பாஸ் பண்ணிவிட்டுட்டானா?"

வரிசை சிரித்தது. வில்ஃப் சிரிக்கவில்லை.

சிரில் குரலைத் தணித்தார். "வில்ஃப், சொன்னாக் கேளு. அவ நேரா ஓடுறப்பக் கத்தல. திரும்புறப்பத்தான் கத்துறா. காலப் பாத்தியா?"

"எனக்கு நாயப் பத்தி நீ சொல்லித் தர்றியா? கேனரிக் குருவி வளக்கக்கூடத் துப்பு இல்லாதவன்!"

"காலப் பாருடான்னுதான் சொன்னேன்."

"இனி எங்கூடப் பேசாத."

சூப்புக் கிண்ணத்தை வாங்காமலேயே வில்ஃப் வெளியே போனார். பிறகு இருவரும் பேசிக்கொள்ளவில்லை. ஒரு சுவர்தான் இடையில், அந்தப் பக்கம் பிள்ளைகள் இருமுவது இந்தப் பக்கம் கேட்கும். தெருவுக்கு முயல் வருவது நின்றது. ஜனவரி பாதியில், ஜன்னலுக்குக் கம்பிவலை அடித்த பேருந்தில், தலையைக் குனிந்துகொண்டு வேலைக்குத் திரும்பியவர்களில் சிரிலும் இருந்தார். வேலைநிறுத்தத்தை உடைத்தவனோடு அதன்பின் ஆறாம் தெருவில் ஒரு நாய்கூடப் பேசவில்லை, டஃபியைத் தவிர.

மெக்கை என்ன செய்வது என்பதில் லர்ச்சர் வைத்திருந்த மற்ற ஆட்களுக்குச் சந்தேகமே இல்லை. "கோணிப்பையும் ஒரு கல்லும் போதும் வில்ஃப். இல்லன்னா எங்கிட்டக் குடு" என்றார் ஒருவர், உதவி செய்கிற தொனியில். வில்ஃப் வீட்டுக்கு வந்து கொட்டில் வாசலில் உட்கார்ந்தார். அவர் கோட்டுக் கைக்குள் மெக் மூக்கை நுழைத்தாள். அவர் கையை இழுத்துக்கொண்டார்.

எனிட்தான் வழி சொன்னாள். "மேல மலையில டாலன்டைர் அம்மா தனியா ஆடு வெச்சுக்கிட்டுக் கிடக்காங்க. அவங்க கோலி செத்து மூணு மாசமாச்சு. இவ பாதி கோலிதானே? ஆட்டு நாய் குலைச்சா யாரும் கேவலமா நினைக்க மாட்டாங்க."

பதினோரு மைல். பனி இறுகிய பாதையில் வில்ஃப் அவளை நடத்தியே கூட்டிப்போனார். டாலன்டைர் அம்மா எழுபது வயது விதவை, ஆள் பாதி, பூட்ஸ் பாதி. வாசலில் நின்று மெக்கை மேலும் கீழும் பார்த்தார்.

"ஒண்ண மறைக்கக் கூடாது" என்றார் வில்ஃப். "வாய் திறந்தவ."

"நல்லதாப் போச்சு தம்பி. இங்க நான் பேசினா ஆடுதான் பதில் சொல்லுது. இவளாவது நாய் பாஷையில பேசட்டும்."

"தப்பு என்னோடது. கெட்ட சகவாசத்துல விட்டுட்டேன்."

"எம் புருஷனும் அப்படித்தான் கெட்டாரு. உள்ள வா, டீ குடி."

வில்ஃப் உள்ளே போகவில்லை. கயிற்றை அந்த அம்மாவின் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். பின்னால் ஒரு சத்தமும் வரவில்லை.

பிப்ரவரி முதல் வாரத்தில் ஓர் அஞ்சலட்டை வந்தது. டாலன்டைர் அம்மா பென்சிலால் எழுதியிருந்தார். வந்த நாளிலிருந்து நாய் இடது முன்னங்காலைத் தூக்கத்தில்கூட நக்கிக்கொண்டே இருந்ததாம். தடவிப் பார்த்தபோது மணிக்கட்டு மூட்டுக்குள் ஏதோ நெருடியதாம். சூடான ரொட்டிக் கூழை நான்கு நாள் பத்துப் போட்டதில் வேலி முள் ஒன்று வெளியே வந்ததாம், தீக்குச்சி நீளம், கரிக்கட்டை நிறம். 'அதற்குப் பிறகு ஒரு சத்தம் இல்லை. சர்ச்சில் இருப்பவர்களைவிட அமைதியாக ஓடுகிறாள். நீங்கள் தெரிந்துகொள்ள விரும்புவீர்கள் என்று எழுதுகிறேன்.'

வில்ஃப் அதை நின்றபடியே படித்தார். மூன்று முறை படித்தார். பிறகு கொட்டிலுக்குப் போய் அவள் படுத்திருந்த வைக்கோலுக்கு முன்னால் மண்டியிட்டு, இடது கையால் தன் வலது மணிக்கட்டைப் பிடித்து அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார், அங்கே எலும்பு எது, முள் எது என்று தேடுகிறவர் போல. உள்ளே வா என்று எனிட் இரண்டு தரம் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. பக்கத்து வீட்டில் யாரோ இருமினார்கள். அந்தச் சுவரில் தட்டி, நீ சொன்னதுதான் சரி என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அதற்குள் சிரில் பேருந்தில் ஏறிவிட்டிருந்தார். வில்ஃபுக்கு அந்தச் சுவரும் இல்லாமல் போய்விட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் தனியாக மலைக்குப் போனார். மேட்டுப் பாதையில் டாலன்டைர் நிலத்துக் கற்சுவருக்குப் பின்னால் நின்றார். கீழே சரிவில் மெக் ஒரு முயலைத் துரத்திக்கொண்டிருந்தாள். முயல் இடப்பக்கம் திரும்பியது. அவளும் இடப்பக்கமே திரும்பினாள், தண்ணீரில் மீன் திரும்புவது போல, ஒரு முனகல் இல்லாமல். கவ்வினாள், தூக்கி வந்தாள், அந்த அம்மாவின் கையில் வைத்தாள். கொடுத்த நாயைத் திருப்பிக் கேட்பது எங்கள் ஆட்களிடம் வழக்கமில்லை. வில்ஃப் கேட்கவில்லை, முகத்தைக்கூடக் காட்டவில்லை. வந்த வழியே இறங்கிவிட்டார்.

மார்ச்சில் வேலைநிறுத்தம் தோற்றது. பேண்டு வாத்தியத்தோடும் சங்கக் கொடியோடும் எல்லோரும் சுரங்க வாசலுக்கு நடந்தார்கள். கூண்டில் வில்ஃபின் பக்கத்தில் இருபது வருடம் சிரில் நின்ற இடத்தில் யாரும் நிற்கவில்லை. அடுத்த கோடையில் சுரங்கத்தையே மூடினார்கள். வில்ஃப் மறுபடி ஒரு நாய் வளர்க்கவில்லை. இறந்துபோகும் வரை, யாராவது நாயோடு எதிரே வந்தால் குனிந்து அதன் முன்னங்காலைத் தடவிவிட்டுத்தான் போவார்.

நான் இதைச் சொல்லி முடிக்கும்வரை எதிர் நாற்காலியில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த எனிட் கத்தியைக் கீழே வைத்தாள்.

"தனியா எங்க போனாரு? நானுந்தான் போனேன். சுவருக்குப் பின்னாடி நிக்கவும் இல்ல. நேரா வாசலுக்குப் போய், தொப்பியக் கழட்டிக் கையில வெச்சுக்கிட்டு, குடுத்துருங்கம்மான்னு கேட்டாரு. அந்தம்மா ஒரு வார்த்த எதுத்துப் பேசல. கூட்டிட்டுப் போ தம்பின்னு கயித்த அவுத்துவிட்டாங்க. மெக் வந்தா. அவரு ரெண்டு கையையும் மோந்து பாத்தா. அப்புறம் திரும்பிப் போய் அந்தம்மா பூட்ஸ் மேல தலைய வெச்சுப் படுத்துட்டா. இவரு கூப்பிட்டாரு. விசிலடிச்சாரு. அவ பாத்துக்கிட்டே இருந்தா, எழுந்திருக்கல. பதினோரு மைலும் வெறுங்கையோடத்தான் நடந்து வந்தோம். அந்தச் சுவர்க் கதை, ஊர்ல கேட்டவங்களுக்கு அவரா சொன்னது. நானும் சரின்னு விட்டுட்டேன்."