விதைக்கு வைத்த நான்கு குப்பிகள்

இந்த மாதம் ஆறு பேருக்கு முன்னால் நின்று பேச வேண்டியதாகிவிட்டது. ஆறே ஆறு பேர்தான். சிரிக்காதீர்கள்!

பஸ்ஸில் 'இறங்கணும்' என்று சத்தம் கொடுக்கக் கூச்சப்பட்டு, அடுத்த ஸ்டாப்பில் இறங்கித் திரும்பி நடந்த கதையை இதே பக்கத்தில் எழுதியவன்தானே நான்? எழுதுவது வேறு. காகிதம் நம் முகத்தைப் பார்க்காது.

விஷயம் இதுதான். கோவில்பட்டியில் ஓர் ஆஸ்பத்திரியில் மருந்து ஸ்டோரைப் பார்த்துக்கொள்கிறவன் நான். பதினெட்டு வருடமாக அதே அறை, அதே மருந்து வாசனை. இப்போது சுற்றுவட்டாரச் சுகாதார நிலையங்களில் ஸ்டோரைப் பார்க்கிறவர்களுக்கு ஆறு நாள் பயிற்சி கொடுப்பதென்று ஜில்லா ஆபீசில் முடிவு செய்துவிட்டார்கள். பாடம் நடத்த ஆள் தேடியபோது யாரோ என் பெயரைச் சொல்லிவிட்டார்கள். யார் என்று இன்னும் தெரியவில்லை. தெரிந்தாலும் கேட்கப் போவதில்லை...

வீட்டில் சொன்னேன். மனைவி அரிசி களைந்த கையோடு திரும்பிப் பார்த்தாள்.

"ஆறு பேருதானே? அவிய என்ன, உங்களக் கடிச்சா தின்னுருவாவ?"

பயிற்சி தேவைதானா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். டாக்டருக்குப் படிப்பு உண்டு. நர்சுக்குப் படிப்பு உண்டு. கம்பவுண்டருக்கும் உண்டு. மருந்து அலமாரியைப் பார்த்துக்கொள்கிறவனுக்கு? ஒரு சாவிக்கொத்து. அவ்வளவுதான். பதினெட்டு வருடத்துக்கு முன்னால் எனக்கும் அதைத்தான் கொடுத்தார்கள்.

திங்கட்கிழமை ஆறு பேரும் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார்கள். ஐந்து ஆண்கள், ஒரு பெண். அந்தப் பெண் அற்புதம். விளாத்திகுளத்துக்குக் கிழக்கே ஒரு சிறிய நிலையத்தில் ஆயா வேலை. என் வயதுதான் இருக்கும். அந்த நிலையத்தில் கம்பவுண்டர்கள் வருவார்கள், மாற்றலாகிப் போவார்கள். சாவி மட்டும் அற்புதத்தின் இடுப்பிலேயே இருந்தது. நான்கு வருடமாக ஸ்டோரைப் பார்ப்பது அவர்தான் — உத்தரவு எதுவும் இல்லாமலே.

இந்தப் பயிற்சியில் 'தகுதி உண்டு' என்று எழுதினால் அந்த வேலை அவருக்கே நிரந்தரம். இல்லையென்றால் வேறு ஆள் வந்துவிடுவார். இவர் பழையபடி வார்டு கழுவப் போக வேண்டும்.

"வாளியும் வெளக்குமாறும் எனக்குப் பாரமில்ல அண்ணாச்சி," என்றார். "ஆனா அந்த அலமாரிய இன்னொருத்தர் தொறக்கத நான் பாத்துக்கிட்டு நிக்கணுமே... அதுதான் முடியாது."

நான் எட்டுப் பக்கம் எழுதி வைத்திருந்தேன். வாசிக்க ஆரம்பித்ததும் குரல் உள்ளே போய்விட்டது. சாராம்சம் ஒன்றுதான் — புதிதாக வந்த மருந்தைப் பின்னால் அடுக்க வேண்டும், பழையதை முன்னால் வைத்து முதலில் கொடுக்க வேண்டும். இதைச் சொல்ல நான் மூன்றாம் பக்கத்தில் திண்டாடிக்கொண்டிருந்தபோது, அற்புதம் எழுந்தார்.

"தானியக் குலுக்கை மாதிரின்னு சொல்லுதீக. மேல கொட்டுதோம், அடியில உள்ள ஓட்ட வழியா எடுக்கோம். பழசுதான மொத வருது?"

மற்றவர்கள் தலையாட்டினார்கள். புரிந்துவிட்டது! மீதி ஐந்து பக்கத்தை மடித்துப் பையில் வைத்தேன். எனக்கு வந்த நிம்மதியை எப்படிச் சொல்ல?

வியாழக்கிழமைதான் இடி விழுந்தது.

பழகிப் பார்ப்பதற்காக ஒவ்வொருவரும் தங்கள் நிலையத்திலிருந்து ஒரு பெட்டி மருந்து கொண்டுவர வேண்டும் என்று உத்தரவு. ஜில்லா ஆபீசிலிருந்து இளம் டாக்டர் ஒருவர் பார்வையிட்டுத் தகுதி எழுத வந்திருந்தார். கோபக்காரர் இல்லை. அவசரக்காரர்.

அற்புதம் ஒரு பிஸ்கட் டின்னைத் திறந்தார். உள்ளே அவர் ஊர்க் கரிசல் பஞ்சு. பஞ்சுக்குள் நான்கு குப்பிகள், பச்சைப் பிள்ளையைப் படுக்க வைத்த மாதிரி. பாம்புக்கடிக்குப் போடும் விஷமுறிவு மருந்து.

"இந்த நாலையும் தொடவே மாட்டேன் சார். விதைக்கு வச்ச மாதிரி வச்சிருக்கேன்."

எங்கள் பக்கத்தில் இதற்கு அர்த்தம் சொல்லத் தேவையில்லை. வானம் பார்த்த பூமி. வீட்டில் அடுப்பு எரியாத நாளிலும் விதைக் கம்பில் யாரும் கை வைப்பதில்லை.

டாக்டர் ஒரு குப்பியை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். இன்னொன்றையும் பார்த்தார்.

"அம்மா, இது காலாவதியாகி நாலு மாசம் ஆச்சு."

எட்டயபுரம் பக்கத்திலிருந்து வந்த முத்தையா சும்மா இருப்பாரா? "அப்ப முளை விட்டிருக்கும். நல்லாப் பாருங்கக்கா!" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

"கைவசம் எவ்வளவு இருக்குன்னு எங்களுக்கு எழுதினீங்க?" என்று கேட்டார் டாக்டர்.

"நாலு சார்."

"நாலு இருக்குன்னு எழுதினா புதுசு எப்படிம்மா அனுப்புவோம்? நாலு மாசமா உங்க ஊர்ல பாம்புக்கடிக்கு மருந்தே இல்லை. தெரியுமா?"

சிரிப்பு நின்றுவிட்டது.

"ஒண்ணுமேவா இல்ல?" என்றார் அற்புதம். சின்னக் குரல்.

பிறகு அவராகவே சொன்னார். "மூணு வருசத்துக்கு முந்தி, பருத்தி எடுக்கப் போன பிள்ளைய விரியன் கடிச்சிட்டுன்னு தூக்கியாந்தாவ சார். இருந்த கடைசி மருந்த மொத நாளுதான் ஒருத்தருக்குப் போட்டுத் தீத்திருந்தோம். வண்டி கட்டிக் கோவில்பட்டிக்குக் கெளம்புனாவ... பாதி வழியில திரும்பிட்டாவ. அன்னையிலருந்து நாலு குப்பிய ஒதுக்கிட்டேன். கம்பவுண்டர் கேட்டாலும் குடுக்க மாட்டேன். இந்த நாலு மாசத்துல ஆராவது கடிபட்டு வந்திருந்தா..."

அற்புதம் குப்பிகளை ஒவ்வொன்றாகப் பஞ்சுக்குள் திரும்ப வைத்தார். இனி எதற்கும் உதவாத மருந்து. அப்போதும் அதே கவனம்.

டாக்டர் நோட்டைத் திறந்தார். அற்புதத்தின் பெயருக்கு நேரே பேனாவைக் கொண்டுபோனார்.

இந்த இடத்தில் நான் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். என் ஸ்டோரில், கீழ்த்தட்டில், கட்டுத்துணிச் சுருள்களுக்குப் பின்னால் பன்னிரண்டு குப்பி பெனிசிலின் இருந்தது. 'அவசரத்துக்கு' என்று நான் ஒதுக்கி வைத்தது. அதன் தேதி முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. தூக்கிப் போட மனம் வரவில்லை. யாருக்கும் தெரியாது. சாவி என் பையில். நான் வாயைத் திறக்காவிட்டால் எனக்கு ஒரு குறையும் வந்திருக்காது. வாயைத் திறக்காமல் இருப்பதில்தான் எனக்கு எத்தனை வருடப் பழக்கம்!

"சார்..." என்றேன்.

யாருக்கும் கேட்கவில்லை.

"சார்!" இந்தத் தடவை எனக்கே தூக்கிவாரிப்போட்டது. "எங்கிட்டயும் இருக்கு சார்."

போய் எடுத்து வந்து மேஜையில் வைத்தேன். குப்பிகள் ஒன்றோடொன்று மோதிக் கிணுகிணுத்தன. டாக்டர் தேதியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"பாடம் நடத்துறதே நீங்கதானே?"

"ஆமா சார்."

வேறென்ன சொல்ல? பிறகு முத்தையா தலையைச் சொறிந்தார். "நம்ம அலமாரியிலயும் ரெண்டு மூணு கெடக்கும் சார்..." அவருக்குப் பின்னால் இன்னொருவர் கையைத் தூக்கினார். அப்புறம் இன்னொருவர்.

டாக்டர் பேனாவை மூடினார். நாற்காலியை இழுத்துப் போட்டு எங்களோடு உட்கார்ந்தார். வந்ததிலிருந்து அப்போதுதான் அவர் உட்கார்ந்து பார்த்தேன்.

"சரி, ஒதுக்கி வைக்காதீங்கன்னு நான் சொன்னா கேப்பீங்களா?"

"மாட்டோம் சார்," என்றார் அற்புதம். பயந்துகொண்டே சொன்னாலும் உண்மையைச் சொன்னார். "அந்தப் பிள்ள மொகம் மறக்காது."

"அப்ப என்ன செய்யலாம்?"

அற்புதம் யோசித்தார். "எங்க ஊர்ல விதையச் சும்மா மக்க விட மாட்டோம் சார். மழை எல்லா ஊருக்கும் ஒண்ணாவா பெய்யுது? எங்களுக்குப் பெய்யலன்னா, பெஞ்ச ஊர்க்காரவுகளுக்குக் குடுத்துருவோம். அவிய வெள்ளாமை எடுத்துப் புது விதையாத் திருப்பித் தருவாவ. விதையும் கெடாது, நம்ம வீட்டுலயும் இல்லன்னு ஆகாது. மருந்துக்கும் அப்படிச் செய்யப்படாதா?"

டாக்டர் நோட்டில் வேறொரு பக்கத்தைத் திருப்பி வேகமாக எழுத ஆரம்பித்தார். அன்று மாலைக்குள் ஏற்பாடு தயாராகிவிட்டது. தேதி முடிய மூன்று மாதம் இருக்கும்போதே, அதிகம் செலவாகிற இடத்துக்கு மருந்தை பஸ்ஸில் கொடுத்து அனுப்பிவிட வேண்டியது. அந்த இடம் புது மருந்து வந்ததும் திருப்பித் தர வேண்டியது. எதை ஒதுக்கி வைத்தாலும் மாதம் ஒரு தடவை தேதியைப் பார்த்தே ஆக வேண்டும்.

என் எட்டுப் பக்கத்தில் இது ஒரு வரிகூட இல்லை.

சனிக்கிழமை பெயர்களை வாசித்தார்கள். மூன்றாவது பெயர் அற்புதம். தகுதி உண்டு. எங்கள் ஸ்டோரிலிருந்து நான்கு புதுக் குப்பிகளை டாக்டரே அவர் கையில் கொடுத்தார். அவர் முதல் வேலையாகத் தேதியைப் படித்தார். பிறகுதான் பஞ்சில் வைத்தார். முத்தையா டின்னைத் தன் தலைமேல் வைத்துக்கொண்டு பஸ் வரை போனார். "ஏலே, வெலகு வெலகு, விதை போகுது!" என்று வழி நெடுகச் சத்தம் வேறு.

அந்தப் பெனிசிலினுக்காக எனக்கு ஒரு மெமோ வந்திருக்கிறது. பதினெட்டு வருடத்தில் முதல் மெமோ. மனைவி அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். கேட்டுவிட்டு, சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்துவிட்டாள்.

முந்தாநாள் விளாத்திகுளம் பஸ்ஸில் எனக்கு ஒரு பொட்டலம் வந்தது. இரண்டு டப்பா காய்ச்சல் மாத்திரை. தேதி முடிய இன்னும் மூன்று மாதம். கூடவே பென்சிலில் எழுதிய சீட்டு: 'அண்ணாச்சிக்கு, இங்கே இப்போது காய்ச்சல் இல்லை. உங்கள் பக்கம் மழை எப்படி? — அற்புதம்.'

நேற்று மட்டும் தீப்பெட்டி ஆபீஸ் தெருவிலிருந்து காய்ச்சலோடு ஒன்பது பேர் வந்தார்கள்.

விதைத்துவிட்டேன், அற்புதம்மா.