ராசம்மாள் கேட்ட ஒரு நாள்

சேந்தமங்கலத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் புதுக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. அங்கே செல்லமுத்து கொத்தனார். அவருக்குச் சித்தாள் அவர் மனைவி ராசம்மாள். இருபத்திரண்டு வருடமாக அவர் கட்டிய சுவர்களுக்கெல்லாம் கல்லும் கலவையும் சுமந்தவள் அவள்தான்.

செல்லமுத்து கட்டிய சுவர் நூல் பிடித்தது போல நிற்கும். ஆனால் கலவை அள்ளிப் பூசும் கரணையை எங்கே வைத்தோம் என்பது மட்டும் ஒருநாளும் அவருக்குத் தெரியாது. தூக்குக்குண்டு மணலுக்குள் கிடக்கும். மட்டப்பலகை மேல் யாராவது உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருப்பார்கள்.

ஐப்பசியில், கூரை வார்க்க முட்டுக் கொடுத்திருந்த சென்ட்ரிங்கைப் பிரித்து, பலகைகளை நடைவழியிலேயே போட்டுவிட்டார்கள். கரணையைத் தேடிப் போன செல்லமுத்து ஒன்றை மிதித்தார். துருப்பிடித்த ஆணி செருப்பைத் துளைத்துக்கொண்டு உள்ளங்காலில் ஏறிவிட்டது. ஊசி போட்ட டாக்டர், ஒரு வாரம் காலை ஊன்றக் கூடாது என்றார்.

மறுநாள் ராசம்மாள் தனியாக வந்தாள். நேராக இன்ஜினியர் தமிழரசுவிடம் போனாள்.

"சாமி, எனக்கு ரண்டு ஆளும் ஒரு நாளும் குடுங்க. இந்த எடத்தை ஒழுங்கு பண்ணித் தாரேன்."

"ஒரு நாள் வேலை நின்னு போகுமே, அக்கா?"

"தேடித் தேடி தெனமும் பாதி நாளு நின்னுதானுங்க போகுது."

தமிழரசு இரண்டு ஆள் கொடுத்தார்.

பலகைகளில் ஆணியைப் பிடுங்கி, நீளம் பார்த்து அடுக்க வைத்தாள். உடைந்த சட்டியும் கிழிந்த சாக்கும் வெளியே போயின. வாசலருகே குவிந்திருந்த செங்கல் சுவரோரத்துக்கு வந்தது. கல் சுமக்கும் அறுபதடி நடை பத்தடியானது. நடைவழியின் இரு பக்கமும் சுண்ணாம்புக் கோடு போட்டாள். பழைய பிளைவுட் ஒன்றில் ஆணி அடித்து, ஒவ்வொரு சாமானின் உருவத்தையும் செங்கல் துண்டால் வரைந்தாள். சாயங்காலம் அவரவர் சாமானை அங்கே மாட்டாமல் யாரும் கிளம்ப முடியாது. வாசலை மறித்து நின்றுகொள்வாள்.

ஒரு வாரம் கழித்து செல்லமுத்து நொண்டிக்கொண்டே வந்தார். பிளைவுட்டைப் பார்த்ததும் முகம் சுருங்கியது.

"பால்வாடியா நடத்தற புள்ள? படம் போட்டுக் காட்டுனாத்தான் எனக்குக் கரணை தெரியுமா?"

"உங்களுக்குத் தெரியுமுங்க. கரணைதான் உங்களைக் கண்டா ஓடி ஒளிஞ்சுக்குது."

எல்லாரும் சிரித்தார்கள். அவர் விறைப்பாகக் கரணையை எடுத்துக்கொண்டு போனார். வழக்கமாகச் சாயங்காலம் வரை இழுக்கும் சுவர் அன்று மூன்று மணிக்கே முடிந்தது.

"தேட ஒண்ணுமில்லாம பொழுதே போகலை" என்று முணுமுணுத்தார். பாராட்டுகிறார் என்று ராசம்மாளுக்குப் புரிந்தது.

சொன்ன தேதிக்கு ஒன்பது நாள் முன்பே கட்டடம் முடிந்தது. அடுத்த வேலை தொடங்குமுன் இருவரும் ஜேடர்பாளையம் போனார்கள். ஆற்றில் குளித்துவிட்டுக் கரையில் வறுத்த மீன் வாங்கித் தின்றார்கள். செல்லமுத்து பொறுமையாக முள் நீக்கி, அவள் பக்கம் தள்ளினார்.

"இன்னொரு மீனு சொல்லட்டுமா புள்ள?"

"சொல்லுங்க" என்றாள் ராசம்மாள், ஈரத்தலையை வெயிலில் உலர்த்தியபடி.