சுவருக்குச் சொன்ன ‘உள்ளேன் ஐயா’

பதினோரு வயதில் எனக்குப் பொன்னுக்கு வீங்கி (காதடியில் கன்னம் வீங்கும் தொற்றுக் காய்ச்சல்) வந்தது. அம்மா தன் தங்கச் சங்கிலியைக் கழற்றி என் கழுத்தில் போட்டாள். பொன் பட்டால் வீக்கம் வடியும் என்பது எங்கள் பக்கத்து வைத்தியம். வடிந்தது. சங்கிலியைத் திரும்ப வாங்கிய அன்று தேம்பித் தேம்பி அழுதேன். இடது காது போனதற்கு அழவில்லை. போனது தெரிந்தால்தானே?

ஒற்றைக் காது கேட்காத பிள்ளையை யாரும் செவிடு என்பதில்லை. திமிர் பிடித்தது என்பார்கள். மொரப்பூரில் எங்கள் ஏழாம் வகுப்பில் பெண்களுக்கு வலது கோடி, பையன்களுக்கு இடப்பக்கம் ஜன்னலோரம். நான் சுவரை ஒட்டி உட்கார்ந்திருந்தேன். கேட்கிற காது சுவர்ப் பக்கம் இருந்ததால் எல்லாச் சத்தமும் அங்கிருந்தே வருவதாகத் தோன்றும். வாத்தியார் பேர் கூப்பிட்டால் எழுந்து சுவரைப் பார்த்து ‘உள்ளேன் ஐயா’ என்பேன். வகுப்பே சிரிக்கும்.

இந்தப் பெண் தன்னைக் கிண்டல் செய்கிறாள் என்று வாத்தியார் அப்பாவை வரவழைத்துச் சொன்னார். அப்பா வெள்ளாமைக்காரர், வாத்தியார் எதிரில் உட்காரக்கூட மாட்டார். முழுப் பரீட்சையோடு நிறுத்திவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தார். எனக்கோ பள்ளிக்கூடம் என்றால் உயிர். வீட்டில் எருமைகள் என்னை ஆவலோடு எதிர்பார்த்திருந்தன.

அழுகையை நிறுத்த அப்பா தன் புது டிரான்சிஸ்டரை என் இடது காதில் வைத்தார். பாடவில்லை என்றேன். பேட்டரியைக் கழற்றி மாட்டினார், தட்டினார், விற்ற கடைக்காரரைத் திட்டினார். அம்மா அதைப் பிடுங்கி என் வலப்பக்கம் கொண்டுவந்ததும், “இப்பப் பாடுதும்மா” என்றேன். ரேடியோ இரண்டு காதுக்கும் மாறி மாறிப் போய்வந்தது. அப்பா அதை நிறுத்திவிட்டு உட்கார்ந்தார்.

“எம்புள்ளைய நானே தப்பா நெனச்சுட்டனே” என்றார்.

சேலத்துக் காது டாக்டர் இசைக்கவையைத் (தட்டினால் அதிரும் இரும்புக் கவை) தட்டித் தட்டி வைத்துப் பார்த்தார். பொன்னுக்கு வீங்கியால் கேட்கும் நரம்பு செத்துவிட்டது, திரும்பாது என்றார். அம்மா அழுதாள். அப்பாவோ மருந்தெழுதித் தராமல் எழுந்திருக்க மாட்டேன் என்றார். டாக்டர் எழுதித் தந்தார். மருந்து கொடுக்குமிடத்தில் கம்பவுண்டர் சீட்டைப் படித்துவிட்டு, “இது எங்ககிட்ட இல்லீங்க. பள்ளிக்கூடத்துலதான் கெடைக்கும்” என்றார். ‘முதல் வரிசை, இடது கோடி பெஞ்சு’ என்று எழுதியிருந்தது.

இடது கோடி பையன்களுடையது. அங்கே பெண் உட்காருவதாவது? அப்பா என் காது விஷயத்தைச் சொல்லி நீட்டிய சீட்டை வாத்தியார் இரண்டு தடவை படித்தார். பிறகு என் வலப்பக்கம் வந்து நின்றார்.

“இத்தினி நாளா ஏம்மா சொல்லல?”

“எனக்கே தெரியாதுங்களே ஐயா.”

அவர் மொத்த வகுப்பையும் இடம் மாற்றிவிட்டார். ரயில் தெரிகிற ஜன்னலைப் பறிகொடுத்த பையன்கள் என்னைச் சபித்தார்கள். மறுநாள் பேர் கூப்பிட்டதும் எழுந்து, வாத்தியாரின் முகத்தைப் பார்த்தே ‘உள்ளேன் ஐயா’ என்றேன். அவர்தான் பழக்கதோஷத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தேன். எருமைகள் அண்ணன் பொறுப்பாயின.

உங்கள் பிள்ளை கூப்பிட்டும் திரும்பவில்லையா? கை ஓங்குவதற்கு முன் மறுபக்கம் போய் ஒரு தடவை கூப்பிட்டுப் பாருங்கள்.

வலது காதைத் தலையணையில் வைத்துப் படுத்தால் எனக்கு ஊரே அடங்கிவிடும். மொரப்பூர் ஸ்டேஷனில் நின்றால் வண்டிச் சத்தம் கேட்கும். சேலம் பக்கமா, ஜோலார்பேட்டை பக்கமா என்பது கண்ணில் பட்ட பிறகுதான் தெரியும். எனக்கு எல்லாம் சற்றுத் தாமதமாகத்தான் வந்து சேருகின்றன. இதுவரை ஒரு வண்டியையும் நான் தவறவிட்டதில்லை.