வைப்பின் கரையில் ஒரு படுக்கை விரிப்பு

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தாலே எனக்குச் சிரிப்புதான் வரும். காரணம் என் தொழில். கொச்சி மட்டாஞ்சேரியில் குடியிருந்துகொண்டு, விடுதிகளின் படுக்கை விரிப்பும் துண்டும் துவைத்துக் கொடுக்கிற குடும்பம் எங்களுடையது. ஜன்னலில் உருவம் பார்த்தேன் என்று அலறிக்கொண்டு அறையைக் காலி செய்த வீரர்களின் விரிப்பெல்லாம் கடைசியில் என் கைக்குத்தான் வரும். மோந்து பார்த்தாலே போதும், முந்தின ராத்திரி உள்ளே என்ன போயிருக்கிறது என்று தெரிந்துவிடும். அதனால் நான் சொல்லப்போவதை நீங்கள் நம்பாவிட்டால் எனக்குக் கோபமில்லை. வேறு யாராவது சொல்லியிருந்தால் நானே நம்பியிருக்க மாட்டேன்.

எங்களுக்கு அக்கரையில், வைப்பின் என்கிற தீவில் கடற்கரையை ஒட்டி இருக்கிற ஒரு விடுதியின் துணி எங்களிடம்தான் வருகிறது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் காயல், நடுவே நீளமாக ஒரு துண்டு மண், அவ்வளவுதான் அந்தத் தீவு. அங்கே வந்து என்னதான் செய்வீர்கள் என்று கேட்டால் போனை எடுத்துப் பெரிய பட்டியலாகக் காட்டுவார்கள். துடுப்புப் படகு, சைக்கிள் சவாரி, கரிமீன், சூரிய அஸ்தமனம். எனக்கு அந்தப் பட்டியலே வேண்டாம், துண்டைப் பார்த்தால் போதும். கரிமீன் தின்ற கையைத் துடைப்பது வெள்ளைத் துண்டில், சேற்றுச் செருப்பைத் துடைப்பது தலையணை உறையில், கடலில் புரண்டுவிட்டு மணலோடு வந்து விழுவது மெத்தையில். சூரியன் மறைவதைப் பார்க்கத்தான் அவ்வளவு தூரம் வருகிறார்கள், வந்ததும் அதற்கு முதுகைக் காட்டி நின்று தங்கள் மூஞ்சியைப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். இவர்கள் ஊரில் சூரியன் மறைவதே இல்லையா என்ன?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் தொழிலில் இரண்டு சங்கதி உண்டு. ஒன்று, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குறி. துணி மாறிப்போகாமல் இருக்க மூலையில் நூலால் போடுவோம். எங்கள் வீட்டுக் குறி ஒரு பெருக்கல், அதன் கீழே ஒரு கோடு, எப்போதும் சிவப்பு நூல். நான் இடது கைக்காரி என்பதால் என் கோடு கொஞ்சம் சாய்ந்தே விழும். இன்னொன்று, தரையில் காயப் போட்ட துணியை மிதிக்கவே கூடாது. இது எங்கள் பிள்ளைகளுக்கு நடக்கப் பழகும்போதே அடி போட்டுச் சொல்லிக் கொடுப்பது. என் மகள் அஞ்சனா வழியில் பாம்பு கிடந்தால்கூடத் தாண்டிவிடுவாள், காயும் துணி கிடந்தால் சுற்றித்தான் போவாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், மழைக்காலம் முடிந்த சமயம். விடுதி மேனேஜர் ஒரு நாள், "சேச்சி, ரூமெல்லாம் வெறுதே கெடக்குது, ஒரு நாள் குடும்பத்தோட வந்து இருந்திட்டுப் போங்க" என்றார். எனக்கு இஷ்டமில்லை. நான் துவைத்த விரிப்பில் நானே போய்ப் படுப்பதற்கு எதற்கு ஜங்கார் படகு ஏறி அக்கரை போக வேண்டும்? ஆனால் பதினான்கு வயதுப் பெண் விடுவாளா?

"கிளாஸ்ல எல்லாரும் போயிட்டு வந்தாச்சும்மா. கடலு இவ்வளவு பக்கத்துல இருந்தும் நம்ம மட்டும்தான் போயிட்டில்ல" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். அவளுக்காகப் போனோம்.

மதியச் சாப்பாடு முடிந்து என் வீட்டுக்காரர் அறையில் ஏசியைப் போட்டுக்கொண்டு தூங்கிவிட்டார். நான் தென்னை நிழலில் உட்கார்ந்து, பக்கத்து நாற்காலியில் யாரோ போட்டுவிட்டுப் போன துண்டின் குழம்புக் கறையை எப்படி எடுப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். விடுமுறைக்கு வந்த லட்சணம் அப்படி. மழையில் கடல் கரையை அரித்திருந்தது. தண்ணீருக்கு மேலே ஆள் உயரத்துக்கு மணல் திட்டு, அதன் விளிம்பில் கூலிங்கிளாஸ் போட்ட மூன்று பேர் கையை விரித்துக்கொண்டு நின்றார்கள். அங்கே நிற்காதே என்று சிவப்புக் கொடி நட்டிருந்தது. அந்தக் கொடியையும் சேர்த்துத்தான் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருத்தன் அஞ்சனாவைக் கைதட்டிக் கூப்பிட்டான். "ஏய் மோளே, ஒரு போட்டோ எடுத்துத் தா!"

அவளுக்குப் பெருமை தாங்கவில்லை, ஓடினாள். நான் நிமிர்ந்து பார்த்தபோது அவளுக்கும் அந்த மூன்று பேருக்கும் நடுவே மணலில் ஒரு வெள்ளை விரிப்பு கிடந்தது. பெரிய கட்டில் விரிப்பு, நான்கு மூலையும் இழுத்து, சுருக்கமில்லாமல். உப்புக் காற்றில் எந்த மடையன் இங்கே விரிப்பைக் காயப் போட்டான் என்றுதான் எனக்கு முதலில் எரிச்சல் வந்தது. பெண் விளிம்புக்கு ஓடுகிறாள் என்று பதறவில்லை, துணி அழுக்காகுமே என்றுதான் கத்தினேன். "மிதிச்சிடாதடீ!"

நான் கத்துவதற்கு முன்பே அவள் நின்றுவிட்டாள். தரையைப் பார்த்தாள். சுற்றிப் போக ஒரு அடி பக்கவாட்டில் எடுத்து வைத்தாள். அவ்வளவுதான், திட்டு இடிந்தது. பெரிய சத்தம்கூட இல்லை. அந்த மூன்று பேரும் நின்ற இடமே இல்லை. நம்பினால் நம்புங்கள், மணல் சரியாக அந்த விரிப்பின் ஓரம் வரைக்கும் சரிந்து நின்றது.

ஓடிப்போய் மகளைப் பிடித்துப் பின்னால் இழுத்தேன். அவள் நிற்காமல் ஓடியிருந்தால் அடுத்துக் கால் வைத்திருக்கும் இடத்தில் தண்ணீர் சுழன்றுகொண்டிருந்தது. இழுத்த வேகத்தில் நான் மணலில் விழுந்தேன், என் கை விரிப்பின் மூலை மேல் பட்டது. இஸ்திரி போட்டு இறக்கினதுபோல் சூடாக இருந்தது. அவ்வளவு காற்றில் ஓரம்கூட அசையவில்லை. மூலையில் எங்கள் குறி. என் கைச் சாய்வு. ஆனால் பச்சை நூல். அடிக்கோடு பாதியில் நின்றிருந்தது.

மீன்காரர்கள் கயிறு வீசி மூன்று பேரையும் இழுத்துப் போட்டார்கள். ஒருத்தனுக்குக் கால் உடைந்தது, உயிருக்கு ஒன்றுமில்லை. கரைக்கு வந்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி போன் எங்கே என்பதுதான். அந்தக் கூட்டம் கலைந்து நான் திரும்பிப் பார்த்தபோது விரிப்பு இல்லை. கடல் காவலுக்கு நிற்கிற சேட்டனைக் கேட்டேன். "விரிப்பா? இவிட ஒன்னும் கண்டில்லல்லோ சேச்சி" என்றார். என் வீட்டுக்காரர், வெயிலில் உட்கார்ந்தால் அப்படித்தான் தோன்றும் என்றார், தூங்கி எழுந்த மூஞ்சியோடு. அஞ்சனா மட்டும் ஜங்காரில் வரும்போது மெதுவாகச் சொன்னாள். "நம்ம குறி இருந்துதும்மா. அதான் நின்னேன்."

இதோடு முடிந்திருந்தால் நானும் வெயில் என்றே சொல்லிவிட்டுப் போயிருப்பேன். இந்த வருஷம் அந்த விடுதிக்குப் புது மேனேஜர் வந்தார். மூலையில் சிவப்பு நூலைப் பார்த்து ரத்தக்கறை என்று எவளோ ஒரு மகாராணி புகார் சொன்னாளாம், குறியின் நிறத்தை மாற்றச் சொன்னார். என் வீட்டுக்காரர் எறணாகுளம் பிராட்வே கடைத்தெருவுக்குப் போய் நூல் கண்டு வாங்கி வந்தார். பச்சை. அவருக்கு அதில் ஒன்றுமே தோன்றவில்லை. திருப்பிக் கொடுத்து வேறு நிறம் வாங்கி வரச் சொல்லலாம் என்று பார்த்தேன், ஆனாலும் என் வாயால் பேய் பயம் என்று சொல்லுவேனா? உட்கார்ந்து தைத்தேன்.

போன மாதம் ஒரு பெரிய கட்டில் விரிப்புக்குக் குறி போட்டுக்கொண்டிருந்தேன். "அம்மா, பால் பொங்குது!" என்று அஞ்சனா கத்தினாள். ஊசியை அப்படியே குத்தி வைத்துவிட்டு ஓடினேன். திரும்பி வந்து கையில் எடுத்தால், பச்சைப் பெருக்கல், கீழே பாதிக் கோடு. மீதிக் கோட்டைப் போட்டு முடித்தால் இது அந்த விரிப்பு இல்லை. போடாமல் வீட்டிலேயே பூட்டி வைத்தால், இரண்டு வருஷத்துக்கு முன்னால் அன்றைக்கு அந்தக் கரையில் போய் விரியப்போவது எது? என் பெண் எதைப் பார்த்து நிற்பாள்?

அஞ்சனா என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "அதத் தொடாதம்மா. அப்படியே கொடுத்து விடு."

நூலை அறுத்துவிட்டு, தேய்த்து, சூடு ஆறுவதற்குள் மடித்து மற்றதோடு அனுப்பினேன். அடுத்த வாரம் அழுக்குத் துணி வந்தது, அது மட்டும் இல்லை. இன்றுவரை வரவில்லை. ஒரு துண்டு குறைந்தாலே நான் அந்த விடுதி வாசலில் போய் நின்று கிழி கிழியென்று கிழிப்பேன், மேனேஜருக்கே தெரியும். இந்த விரிப்பைப் பற்றி மட்டும் நான் வாயே திறக்கவில்லை.