மல்லிகைப் பாத்தியில் மக்காச்சோளத் தட்டை

பிள்ளைகளே, வீட்டு வாசலை ஒட்டி இருக்கிற மல்லிகைப் பாத்தியைப் பார்த்து, "அப்பா ஏன் இப்படிக் குப்பையாப் போட்டு வெச்சிருக்காரு?" என்று நீங்கள் கேட்டதாக அம்மா சொன்னாள். அதற்குத்தான் இதை எழுதுகிறேன்.

அந்தச் செடிகள் நீங்கள் பிறப்பதற்கு முன்பே நட்டவை. நம் கரிசல் மண் கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். வெடிக்கும்போது வேரையும் அறுத்துக்கொண்டு போகும். வருஷா வருஷம் பூ குறைந்தது, இலை பழுத்தது. செடியைப் பிடுங்கிவிட்டு மக்காச்சோளம் போடு என்றார் உங்கள் பெரியப்பா. கெட்டது மண், செடியை ஏன் பிடுங்க வேண்டும் என்றேன்.

ஒரு வருஷம் மார்கழியில் கிளைகளை வெட்டிக் கவாத்து செய்தேன். செடியைச் சுற்றி, தூருக்கு ஒரு முழம் தள்ளி, களைக்கொத்தால் மேலாகக் கிளறி, மக்கின ஆட்டெருவும் கடலைத் தோலும் போட்டேன். ஆழமாகக் கொத்தினால் நானே வேரை அறுத்தவன் ஆவேன். தை அறுவடை முடிந்து பெரியப்பா கொளுத்த வைத்திருந்த தட்டையை, கதிர் ஒடித்த காய்ந்த சோளத்தண்டை, கேட்டு வாங்கி வந்து, மண் தெரியாமல் மூடினேன்.

நம்ம பக்கம் பாத்தியைக் கூட்டி, துடைத்து வைத்தால்தான் நல்ல சம்சாரி, நல்ல விவசாயி. எனக்குச் சோம்பேறி என்று பேர் வந்தது. மாசியில் பெரியப்பா மகளுக்கு நிச்சயம். மீன்சுருட்டியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் நம் வாசல் வழியாகத்தான் வர வேண்டும். காலையிலேயே பெரியப்பா தீப்பெட்டியோடு வந்து நின்றார்.

"சம்பந்தி வர்ற வழியில குப்பமேடு. வூட்டு மானம் போவுதுடா. தள்ளு, கொளுத்திட்டுப் போறேன்."

"கொளுத்துனா செடியும் வேவும்ண்ணே. தீப்பெட்டிய உள்ள வைங்க."

"ஒனக்குப் பொண்ணு கல்யாணத்த விட பூச்செடி பெருசா?"

"பொண்ணு தலைக்கு வைக்கிற பூவுதாண்ணே இது."

நான் பாத்திக்குள் போய் நின்றுகொண்டேன். அவர் திட்டிக்கொண்டே போனார். மாப்பிள்ளையின் அம்மா நடந்து வரும்போது, என்னங்க இது என்று கேட்கத்தான் செய்தார். செடிக்குப் போட்ட சோறுங்க என்றேன். தட்டையை விலக்கிக் காட்டினேன். அந்த வெயிலிலும் அடியில் மண் ஈரமாக, பொலபொலவென்று இருந்தது. அவர் குனிந்து பார்த்துவிட்டுப் பெரியப்பா வீட்டுக்கு நடந்தார். அன்றைக்கே தாம்பூலம் மாற்றிக்கொண்டார்கள், மானம் எங்கேயும் போகவில்லை.

சித்திரையில் பாத்தி வெடிக்கவில்லை. பூ வந்தது. பெரியப்பா இன்றுவரை தன் காட்டில் தட்டையைக் கொளுத்துகிறவர்தான். ஒவ்வொரு தையிலும் அவர் தீ வைப்பதற்கு முன்னால் நான் வண்டியோடு போய் நிற்கிறேன். ஊர் சிரிக்கட்டும். இந்த வருஷம் நீங்களும் வந்து அள்ளுங்கள்.