மாடியில்லாத வீட்டின் மேல ரூம்

அப்பா இறந்த பதினேழாம் நாள் மகள் அலுவலகம் போனாள். இருவருக்கும் ஒரே அலுவலகம். அவர் நெடுஞ்சாலை வடிவமைப்பு. அவள் மண் பரிசோதனை. அவருடைய மேசையில் கண்ணாடிக்கூடு திறந்தபடி கிடந்தது. அவள் அதை மூடவில்லை.

அங்கே அவருக்கு 'மேலாகீழா சார்' என்று பெயர். நெடுஞ்சாலை வேறொரு சாலையைக் குறுக்கிடும் இடமெல்லாம் அவரிடம்தான் வரும். மேலே போகட்டுமா, கீழே போகட்டுமா? முப்பத்தோரு வருஷமாக அந்த ஒரே கேள்வி. வீட்டிலும் இரண்டு கரண்டிகளைக் குறுக்காக வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார். சாப்பாடு ஆறிப்போகும்.

"நடக்கிறவங்க ஏறக் கூடாதும்மா. எஞ்சின் வெச்சிருக்கிறவன் ஏறட்டும், இறங்கட்டும்," என்பார்.

கண் எங்கோ இருக்கும். ஒரு மேட்டைப் பிளந்துகொண்டு பெரிய சாலை தாழ்ந்து போகும். அதன் மேல் சின்னச் சாலை, ஒன்றுமே நடக்காததுபோல், தன் பாட்டில் போய்க்கொண்டிருக்கும். அவர் அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

கடைசி வரைபடத்திலும் நெடுஞ்சாலையைக் கீழேதான் விட்டிருந்தார். ஆனால் அந்த இடத்தில் மண் பரிசோதனைக்குத் துளை போட்டபோது ஒன்றரை மீட்டரிலேயே தண்ணீர். தோண்டினால் சாலை குளமாகிவிடும். சேதி அவர் படுத்திருந்த ஆஸ்பத்திரிக்குப் போனது. பதிலாக ஒரு துண்டுச் சீட்டு வந்தது: 'பள்ளம் கீழ. தண்ணி மேல.' மறுநாள் அவர் இல்லை.

தலைமைப் பொறியாளர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பள்ளம் கீழ இல்லாம, கூரை மேலயா இருக்கும்?"

"தண்ணி மேல வந்துட்டா ரோடு எதுக்கு சார்? படகு விட்டுடலாம்," என்றார் வரைவாளர். அப்புறம்தான் மகளைப் பார்த்தார்.

தலைமைப் பொறியாளரின் குரல் இறங்கியது. "மருந்து மயக்கத்துல எழுதியிருக்காரும்மா. அதுல ஒண்ணும் தப்பில்ல. ஆனா இதை ஃபைல்ல வெக்க முடியாது. நெடுஞ்சாலையை மேல தூக்கிடுவோம். சனிக்கிழமை கையெழுத்து."

அவருடைய கடைசி வார்த்தை உளறல் என்று ஆகப்போகிறது.

வீட்டில் அம்மா அவருடைய சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். "இந்தா, இதெல்லாம் மேல ரூம்ல வெச்சுடு."

அந்த வீட்டுக்கு மாடியே கிடையாது. மேல ரூம் என்றால் மேற்குப் பக்கத்து அறை. அது அவர் ஊர்ப் பேச்சு, அம்மாவுக்கும் ஒட்டிக்கொண்டது. ஒருமுறை அம்மாவின் தம்பி, "படிக்கட்டை எங்கே ஒளிச்சு வெச்சிருக்கே அக்கா?" என்று வீட்டைச் சுற்றி இரண்டு தடவை தேடியிருக்கிறார்.

மகள் சட்டைகளோடு வாசற்படியில் நின்றுவிட்டாள். அறை முழுக்க மாலை வெயில். தூசி மெதுவாக மிதந்துகொண்டிருந்தது. மேல, மேற்கு. கீழ, கிழக்கு.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?"

"அப்பா உளறலம்மா."

மறுநாள் வரைபடத்தை விரித்தாள். குறுக்குச் சாலை கிழக்கே இருநூறு மீட்டரில் ஒரு சின்ன மேட்டில் ஏறி இறங்கியது. நெடுஞ்சாலையை அங்கே நகர்த்தினால் மேட்டைப் பிளந்து கீழே விடலாம். சின்னச் சாலையில் நடப்பவர் ஒரு அடிகூடக் கூடுதலாக ஏற வேண்டாம். பள்ளம் கிழக்கே, தண்ணீரெல்லாம் மேற்கே.

துளை போட்டார்கள். மூன்று மீட்டர், ஆறு, ஒன்பது. குழாயிலிருந்து சிவந்த சரளை மண் பொலபொலவென்று உதிர்ந்தது. ஈரமே இல்லை. காற்றில் புல் சாய்ந்து நிமிர்ந்தது. அவள் காலடியில், இன்னும் வெட்டாத மண்ணுக்குள், லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சத்தமில்லாமல் போவதுபோல் இருந்தது. மேலே சின்னச் சாலையில் இரண்டு பேர் பேசிக்கொண்டே சைக்கிள் தள்ளிப் போனார்கள். அவர்கள் நிஜம்தானா என்று ஒரு கணம் தெரியவில்லை.

தலைமைப் பொறியாளர் மண்ணை விரலில் தேய்த்தார். ரொம்ப நேரம் தேய்த்தார். "போயும் என்னைக் கிண்டல் பண்றாரு பாரு, மனுஷன்." சீட்டைத் தானே ஃபைலில் வைத்துக் கட்டினார்.

சனிக்கிழமை வரைவாளர் பென்சிலோடு வந்தார். "தலைப்பு என்ன போடட்டும் மேடம்?"

"நெடுஞ்சாலை கீழே."

"எந்தக் கீழ? கிழக்கா, அடியிலயா?"

"ரெண்டும்," என்றாள்.