அம்மாவின் பத்து நாள்

கோவிந்தாபுரம் செக்போஸ்டைத் தாண்டிப் பொள்ளாச்சி ரோட்டில் அரை மணி நேரம் நடந்த பிறகுதான் சட்டையை மாற்றாமல் வந்துவிட்டேன் என்று கவனித்தேன். சிவப்புச் சட்டை. முதுகில் மஞ்சள் நூலில் ஒரு டிராகன். நான் வேலை பார்த்த ஓட்டலில் நூடுல்ஸ் போடுகிறவன் அதைத்தான் போட்டுக்கொள்ள வேண்டும். திரும்பிப் போய்க் கழற்றிக் கொடுக்க மனம் இல்லை. நடந்தேன்.

அன்று காலை சூரியநெல்லியிலிருந்து செல்லம் சித்தி போன் செய்திருந்தார். அம்மாவோடு ஒரே குழுவில் முப்பது வருடம் தேயிலைக் கொழுந்து பறித்தவர். "அடிமாலி ஆஸ்பத்திரில இனி வீட்டுல வச்சுப் பாத்துக்கோங்கன்னு சொல்லிட்டாக. வாரதுன்னா இப்ப வா" என்றார். முதலாளியிடம் பத்து நாள் லீவு கேட்டேன்.

"ஏனுங்க மாஸ்டர், பத்து நாளுன்னா ஞாயித்துக்கிழமைக் கூட்டத்த நான் என்னங்க பண்றது? உங்க மூஞ்சியப் பாத்துத்தானுங்க சனம் உள்ள வருது" என்றார் அவர்.

"அத மட்டும் வச்சிட்டுப் போக முடியாதுங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

அம்மாவின் இந்த நினைவு மலரைக் கையில் வாங்குகிற உறவினர்களுக்கு என் மூஞ்சி தெரியும். தெரியாத நண்பர்களுக்காகச் சொல்கிறேன். என்னைப் பெற்றவர்கள் நேபாளத்திலிருந்து எஸ்டேட்டுக்கு வாட்ச்மேன் வேலைக்கு வந்தவர்கள். சின்னக் கண், தட்டை மூக்கு. அம்மா தமிழ்ப் பெண். மலரின் முதல் அச்சு போடியிலிருந்து வந்தபோது என் பெயருக்கு முன்னால் 'வளர்ப்பு மகன்' என்று இருந்தது. முதல் சொல்லை அடித்துத் திருப்பி அனுப்பினேன். ஏன் அடித்தேன் என்று பலர் கேட்டார்கள். அதைத்தான் எழுதுகிறேன்.

அம்மா சூரியநெல்லியில், எஸ்டேட்டின் வரிசை வீடான லயத்தில் பிறந்தார். அவருடைய தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மலையேறி வந்த குடும்பம். நான்காம் வகுப்பு வரை படித்தார். பதினேழு வயதில் கொழுந்துப் பை மாட்டினார். பெற்றோர் இருவரும் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். மிஞ்சியது அம்மாவும் அவருடைய அண்ணனும். அந்த அண்ணன்தான் என் மாமா. இப்போது உடும்பஞ்சோலையில் ஏலக்காய் வியாபாரம் செய்கிறார். இந்த மலரும் அவருடைய ஏற்பாடுதான்.

அம்மாவுக்கு இருபத்திரண்டு வயதாகும்போது பக்கத்து வீட்டு நேபாளத்துப் பெண் காய்ச்சலில் இறந்தார். எனக்கு ஏழு மாதம். அந்தப் பெண்ணின் கணவர் என்னை அம்மாவின் மடியில் வைத்து, ஊருக்குப் போய்த் தன் தாயை அழைத்து வருகிறேன், பத்து நாள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். வரவில்லை. வழியில் செத்தாரா, வேறு கல்யாணம் செய்துகொண்டாரா, யாருக்கும் தெரியாது. அவரைப் பற்றி எனக்கு வருத்தமும் இல்லை, கோபமும் இல்லை. பார்க்காத ஆள்.

இருபதாம் நாள் மாமா வந்து, அநாதை விடுதியில் சேர்த்துவிடலாம் என்றாராம். "அவரு பத்து நாள்னு சொல்லிட்டுப் போயிருக்காரு அண்ணே. பத்து நாள் முடியட்டும்" என்றாராம் அம்மா. மாமா விரல் விட்டு எண்ணிக் காட்டியும் அம்மாவின் பதில் மாறவில்லை. ஆறு மாதம் கழித்தும் அதே பதில். கல்யாணமாகாத பெண்ணின் இடுப்பில் இப்படி ஒரு முகத்தோடு பிள்ளை இருந்தால் லயத்தில் என்ன பேசுவார்கள் என்று நான் விளக்க வேண்டியதில்லை. பேசினார்கள். அம்மாவின் காதுபடவே பேசினார்கள். போடியிலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள், பிள்ளையை அண்ணனிடம் விட்டுவிட்டு வருவதானால் சம்மதம் என்றார்கள். "அவன் அப்பா வந்துரட்டும். பத்து நாள் கழிச்சு வாங்க" என்று காப்பி கொடுத்து அனுப்பிவிட்டார். எனக்கு அப்போது நாலு வயது. அதோடு பெண் கேட்டு வருவது நின்றது.

லயத்தில் எனக்குப் 'பத்துநாள்' என்றே பெயர் விழுந்தது. கோலி விளையாட்டிலும் அதுதான், கோவில் கொடையில் சோறு போடுகிறவர் வாயிலும் அதுதான்.

பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது ஆசிரியர் அப்பா பெயர் கேட்டார். அம்மா தன் பெயரைச் சொன்னார். ஆசிரியர் மலையாளி. "இது அம்மேடெ பேரல்லே?" என்றார்.

"ஆமா சார். ரெண்டு எடத்துலயும் அதையே போடுங்க" என்றார் அம்மா. போட்டார். தத்து எடுத்ததற்கு என்னிடம் இருக்கிற ஒரே காகிதம் அதுதான்.

படிப்பு எனக்கு எட்டாம் வகுப்போடு நின்றது. பள்ளிக்கூடத்தில் சைனா என்றார்கள், அதனால் நிறுத்தினேன் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். அது காரணம் இல்லை. எனக்கு ஓர் இடத்தில் ஆறு மாதத்துக்கு மேல் இருப்புக் கொள்ளாது. லாரியில் கிளீனராகப் போனேன், மரக்கடையில் வேலை பார்த்தேன், பந்தல் போட்டேன். எங்கே போனாலும் மூஞ்சிக்குத்தான் வேலை கொடுத்தார்கள். காவல் வேலை கேட்காமலே கிடைக்கும். நூடுல்ஸ் கிண்டத் தெரியாமலே மாஸ்டர் ஆனேன். போலீஸ்காரர்கள் இந்தியில் கேட்பார்கள், நான் தமிழில் சொல்வேன், அவர்கள் நம்பாமல் ஆதாரைக் கேட்பார்கள்.

ஒரு முறை வடக்கே சிலிகுரி வரை போனேன். என் மூஞ்சிக்காரர்கள் ஊர் எப்படி இருக்கும் என்று பார்க்கத்தான். அங்கே யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்று நாள் அது சுகமாக இருந்தது. டீக்கடைக்காரர் தன் பாஷையில் ஏதோ கேட்டார். நான் கையைக் காட்டினேன். ஊமை என்று நினைத்து டீயை ஆற்றி என் கையில் கொடுத்தார். நான்காம் நாள் ரயில் ஏறினேன். அம்மாவிடம் சொன்னபோது, "அங்க சோறு எப்படி?" என்று மட்டும் கேட்டார். குழைவாக இருந்தது என்றேன். "அப்ப நீ அங்க இருக்க மாட்ட" என்றார்.

ஒவ்வொரு முறை வீட்டை விட்டுக் கிளம்பும்போதும் நான் அம்மாவிடம் சொன்னது ஒரே வார்த்தைதான்: "பத்து நாள்ல வாரேன்." வேண்டுமென்று சொன்னதில்லை. வாயில் அதுதான் வந்தது. கடைசி முறை அப்படிச் சொல்லிவிட்டுப் போய்ப் பதினான்கு மாதம் வரவில்லை. அதை இங்கே மறைக்கவில்லை.

கோவிந்தாபுரத்திலிருந்து பொள்ளாச்சி, உடுமலை, மறையூர், மூணாறு என்று பஸ் மாறி மறுநாள் சூரியநெல்லி வந்து சேர்ந்தேன். அம்மா கட்டிலில் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்திருந்தார். மூச்சு ஒவ்வொன்றையும் கேட்டு வாங்குவது போல் இழுத்தார். என்னைப் பார்த்ததும் முதுகைத் திருப்பச் சொன்னார்.

"என்னலே இது, பாம்பா?"

"டிராகன்மா. சைனாக்காரன் பாம்பு."

"நீதான் அங்க சைனாக்காரனா?"

"ஆமா."

"அவனுகளுக்குக் கண்ணு தெரியாது போல" என்று சிரித்தார். சிரிப்பு இருமலாகி அடங்க வெகு நேரம் ஆனது. "எத்தன நாள் லீவு?"

"லீவு இல்லம்மா. விட்டுட்டு வந்துட்டேன்."

மூன்று வாரம் இருந்தார். கஞ்சி ஊட்டினேன், தலை வாரினேன், செல்லம் சித்தி வந்து குளிப்பாட்டினார். ஒரு மத்தியானம், வெகு நாளாகக் கேட்காமல் வைத்திருந்ததைக் கேட்டேன். "நெசமாவே அந்தாளு வருவாருன்னு காத்திருந்தியாம்மா?"

அம்மா ஜன்னல் பக்கம் பார்த்தார். "பத்து நாள் காத்திருந்தேன்" என்றார். "பதினொன்னாவது நாள் காலையில வேலைக்குப் போகல. கதவச் சாத்தி, உன்ன மடியில போட்டுக்கிட்டு உக்காந்திருந்தேன். யாரும் வந்துரக் கூடாதுன்னு ஆத்தாளக் கும்பிட்டேன். வெளிய செருப்புச் சத்தம் கேட்டாலே உசுரு போச்சு." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "ஒருத்தன் பிள்ளைய அவன்ட்ட குடுக்காம வச்சுக்க நெனச்சேம்லே. பாவந்தான். ஆனா நெனச்சேன்" என்றார்.

முப்பத்தெட்டு வருடம் ஊரே என்னை யாரோ விட்டுவிட்டுப் போன பிள்ளை என்றுதான் சொன்னது. கதவைச் சாத்தி வைத்துக்கொண்ட பிள்ளை என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

அதற்கு ஐந்து நாள் கழித்து, விடிந்து லயத்தில் எல்லோரும் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில், அம்மா போய்ச் சேர்ந்தார்.

மாமா வந்ததும் கொள்ளிக்குடம் யார் எடுப்பது என்று பேச்சு எழுந்தது. அவருடைய இளைய மகனை முன்னால் நிறுத்தினார்கள். நான் யாரிடமும் கேட்கவில்லை. குடத்தை எடுத்துத் தோளில் வைத்தேன். "இப்ப எடுக்கட்டும். மத்தத பதினாறு அன்னைக்குப் பேசிக்கலாம்" என்றார் மாமா. அம்மாவைத் தூக்க ஆள் போதவில்லை. எஸ்டேட்டில் வேலை செய்யும் ஜார்க்கண்ட் இளைஞர்கள் நாலு பேர் வந்து தோள் கொடுத்தார்கள். என்னைத் தங்கள் பக்கத்து ஆள் என்று நினைத்து வந்தவர்கள். இல்லை என்று தெரிந்த பிறகும் போகவில்லை. குழி மூடும்வரை நின்றார்கள்.

கொள்ளிக்குடம் எடுத்த மகனுக்குப் பதினாறாம் நாள் தாய்மாமன் தலையில் துண்டு கட்டுவது எங்கள் வழக்கம். இனி இந்த வீட்டுக்கு இவன்தான் என்று சபைக்குச் சொல்வது அது. மொட்டைத் தலையோடு லயத்து முற்றத்தில் உட்கார்ந்திருந்தேன். மாமா தட்டில் புதுத் துண்டோடு எழுந்தார். கட்டவில்லை.

"துண்டு கட்டுறதுல எனக்கு ஒன்னுமில்ல" என்றார். "கட்டினா வீட்டுக்கு ஆளா இருக்கணும். இவன் இருப்பானா? பத்து நாள்ல வாரேன்னு போனவன் ரத்தம் இது. இவனும் அதையேதான என் தங்கச்சிட்ட சொல்லிச் சொல்லிப் போனான்? பொய்யின்னா அவனே சொல்லட்டும்."

"பொய் இல்ல மாமா. நானும் அதையேதான் சொன்னேன்" என்றேன். "ஆனா நான் ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்தேன். போனது என் காலு. இன்னொருத்தர் ரத்தம் இல்ல. ஓடுறது ரத்தத்துல வாரதுன்னா, உங்க மூத்தவன் திருப்பூர் போயி நாலு வருசமாச்சு, அத்தை சாவுக்குக்கூட வரல. அவன் எந்த நேபாளத்தான் ரத்தம்?"

பின்னால் யாரோ சிரித்து, பாதியில் அடக்கினார்கள். மாமாவின் முகம் கறுத்தது. துண்டை மடித்துத் தட்டிலேயே வைத்துவிட்டு உட்கார்ந்தார். அப்படிப் பேசியதற்கு நான் அன்றும் மன்னிப்புக் கேட்கவில்லை, இங்கும் கேட்கவில்லை. அது மாமாவுக்கும் தெரியும்.

யாரும் எழவில்லை. அப்போது செல்லம் சித்தி வீட்டுக்குள் போய் அம்மாவின் தலைத்துண்டை எடுத்து வந்தார். கொழுந்து பறிக்கும்போது வெயிலுக்கும் மழைக்கும் கட்டுகிற நீலக் கட்டம் போட்ட துண்டு. எவ்வளவு துவைத்தும் தேயிலைக் கறை போகாதது.

"பொம்பள கட்டுறதா?" என்றது ஒரு குரல்.

"முப்பது வருசமா மழையில அவளுக்கு நான் கட்டி விட்டேன், எனக்கு அவ கட்டி விட்டா. எங்களுக்குத்தான் கட்டத் தெரியும். நீங்க சும்மா இரிங்க" என்று சொல்லி, என் மொட்டைத் தலையில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பின்னால் முடிச்சுப் போட்டார். காற்றில் அவிழாத முடிச்சு.

மாமா கிளம்பும்போது என் முன்னால் நின்றார். "கட்டியாச்சு. எத்தன நாளைக்குன்னு பாப்போம்" என்றார்.

"பத்து நாள் முடியட்டும் மாமா" என்றேன்.

அவருக்கு அது யாருடைய வார்த்தை என்று தெரிந்தது. ஜீப்பில் ஏறினார். இந்த மலரின் அச்சில் நான் அடித்த சொல்லை அவரும் பார்த்தார். திரும்ப எழுதவில்லை. அதற்கு அவருக்கு என் முதல் நன்றி. கடைசி மூன்று வாரமும் அம்மாவின் உடலைச் சுத்தமாக வைத்திருந்த செல்லம் சித்திக்கும், கூப்பிட்ட நேரமெல்லாம் வந்து ஊசி போட்ட டிஸ்பென்சரி நர்ஸ் அக்காவுக்கும், அம்மாவோடு பறித்த குழுவின் பெண்கள் அனைவருக்கும், தோள் கொடுத்த அந்த நாலு பேருக்கும் நன்றி. அந்த இளைஞர்களுக்குத் தமிழ் படிக்க வராது. நேரில் சொல்லிவிட்டேன், கையைப் பிடித்து. காதுபடப் பேசியவர்களுக்கு ஒன்றும் சொல்வதற்கில்லை. அவர்களும் அம்மாவின் எடுப்புக்கு வந்தார்கள்.

பதினாறு முடிந்த மறுநாள் காலை மஸ்டருக்குப் போனேன். வேலைக்கு ஆள் எடுத்துப் பெயர் எழுதும் இடம். தலையில் அம்மாவின் துண்டு. புதிதாக வந்திருந்த சூப்பர்வைசர் என் முகத்தைப் பார்த்ததும் ஜார்க்கண்ட் ஆட்களின் பக்கத்தைப் புரட்டி, இந்தியில் பெயர் கேட்டார்.

"தமிழ்லயே கேளுங்க சார்" என்றேன். நிமிர்ந்து பார்த்துவிட்டு வேறு பக்கம் புரட்டினார். பெயர் சொன்னேன். அப்பா பெயர் கேட்டார். சொன்னேன். எழுதப் போன கை நின்றது.

"இது பொம்பள பேருல்ல?"

"எங்கம்மா பேரு சார். ரெண்டு எடத்துலயும் அதையே போடுங்க."

போட்டார். பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு, செல்லம் சித்தியின் குழுவுக்குப் பின்னால் ஆறாம் நம்பர் தேயிலைக் காட்டுக்கு ஏறினேன்.